ஃபார்முலா 1 விதிகளை நம் கையில் கொடுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் நடக்கும் ஃபார்முலா 1 கார் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி ஞாயிறு மாலை ஆறரைக்குத் தொடங்கும். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்தில் ஃபார்முலா 1 பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் பார்க்கிற கொஞ்சப் பேரிடமும் ஆளுக்கொரு திருத்தம் தயாராக இருக்கும். பந்தயம் சப்பென்று முடிந்த இரவுகளில் வாட்ஸ்ஆப்பில் "விதியை மட்டும் இப்படி மாத்துனா..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வரும் யோசனைகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று பதிலிலேயே தெரியும்.

விதியை யார் மாற்றுகிறார்கள்? ரசிகர்கள் சொன்னால் கேட்பார்களா?

விதிப் புத்தகம் எஃப்ஐஏ என்கிற சர்வதேச மோட்டார் சம்மேளனத்தினுடையது. ஆனால் அது தனியாக முடிவெடுப்பதில்லை. எஃப்1 கமிஷன் என்று ஒன்று உண்டு. பத்து அணிகள் இருந்த காலத்தில் அதில் மொத்தம் 30 ஓட்டு: எஃப்ஐஏவுக்கு 10, பந்தயத்தை வியாபாரமாக நடத்தும் நிறுவனத்துக்கு 10, அணிக்கு ஒன்றாக 10. சாதாரண மாற்றத்துக்கே 25 ஓட்டு வேண்டும், அவசர மாற்றம் என்றால் 28. அதாவது அதிகாரிகள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டாலும் பாதி அணிகளாவது கை தூக்கியாக வேண்டும். முன்னால் ஓடும் அணி தன்னைப் பின்னுக்கு இழுக்கும் விதிக்கு ஏன் கை தூக்கும்?

ரசிகர்களிடம் கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் ஓட்டுநர்கள் சங்கமே ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடத்தியது, 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். பல டயர் கம்பெனிகள் மோத வேண்டும், பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்ப வேண்டும் என்ற இரண்டுக்கும் நல்ல ஆதரவு இருந்தது. இரண்டுமே இன்றுவரை வரவில்லை.

ரசிகர்கள் நேரடியாகப் பந்தயத்தில் கை வைத்த கதையும் உண்டு. மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா இ-யில் 2014 முதல் 2022 வரை 'ஃபேன்பூஸ்ட்' இருந்தது. ரசிகர்கள் ஓட்டுப் போட்டால் அந்த ஓட்டுநருக்குக் கொஞ்ச நேரம் கூடுதல் சக்தி கிடைக்கும். கேட்க ஜோர். ஆனால் நடந்தது என்ன? சமூக ஊடகத்தில் யாருக்குக் கூட்டம் அதிகமோ அவர்களுக்கே வாராவாரம் போனது. அடுத்த தலைமுறைக் கார் வந்தபோது தூக்கிவிட்டார்கள்.

அதனால் எந்த யோசனை வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். இந்த விதி வந்து நாலு பந்தயம் போன பிறகு, கெட்டிக்கார அணி ஒன்று இதை வைத்து என்ன செய்யும்? கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

வேகமான காரைக் கடைசியில் நிறுத்தி, மெதுவான காரை முன்னால் விட்டால் என்ன?

அதிகம் வரும் யோசனை இது. 2020இல் ராஸ் பிரான் ஃபார்முலா 1-இன் பந்தயப் பிரிவுப் பொறுப்பில் இருந்தபோது, சில பந்தயங்களில் மட்டும் தலைகீழ் வரிசையில் ஒரு குட்டிப் பந்தயம் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். மெர்சிடீஸ் அணி ஒத்துக்கொள்ளவில்லை, அப்போது அது நடக்கவில்லை.

ஒரு படி கீழே உள்ள ஃபார்முலா 2-இல் இது நடக்கிறதே என்பீர்கள். ஆமாம். வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்றில் (கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கும் வேகச் சோதனை) முதல் பத்து இடம் பிடித்தவர்களைத் திருப்பிப் போட்டு, சனிக்கிழமை குட்டிப் பந்தயம் நடத்துகிறார்கள். 2025இல் பெங்களூரு பையன் குஷ் மைனி மொனாக்கோவில் ஜெயித்தது அந்தப் பந்தயத்தில்தான். தகுதிச் சுற்றில் பத்தாவது, அதனால் சனிக்கிழமை முதல் இடத்திலிருந்து கிளம்பி, கடைசிவரை விடவில்லை. சந்தோஷம்தான். ஆனால் அங்கே அது செல்லுபடியாவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, எல்லாருக்கும் ஒரே கார். இரண்டு, அதே வெள்ளிக்கிழமை நேரம்தான் ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பந்தயத்துக்கும் வரிசையைத் தீர்மானிக்கிறது. வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினால் பெரிய புள்ளி போய்விடும்.

ஃபார்முலா 1-இல் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தையே திருப்பிப் போட்டால், தகுதிச் சுற்றில் யார் அதிக மெதுவாக ஓட்டுவது என்று போட்டி நடக்கும். புள்ளிப் பட்டியலைத் திருப்பிப் போடலாம் என்று ஒரு மாற்று யோசனையும் வரும். அப்போது பட்டியலில் நடுவில் இருப்பவன், இந்த வாரம் ரெண்டு புள்ளி விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் எந்த இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவான். அவனைப் பார்க்க நான் ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார வேண்டியதில்லை.

தகுதிச் சுற்றில் விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு 2016ஐப் பாருங்கள். ஒவ்வொரு ஒன்றரை நிமிடத்துக்கும் கடைசி இடத்தில் இருப்பவர் வெளியே என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். காகிதத்தில் பரபரப்பு. மெல்போர்னில் கடைசி நிமிடங்களில் பாதையில் காரே இல்லை, எல்லாரும் டயரை மிச்சம் பிடிக்க உள்ளே, அதாவது டயர் மாற்றும் இடமான பிட்டுக்கு, போய்விட்டார்கள். அடுத்து பஹ்ரைனிலும் அதே கதை. இரண்டே பந்தயத்தில் பழைய முறைக்குத் திரும்பினார்கள்.

நம் ஊர் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரிக்கிறோமே, அதுபோல அணிகளையும் பிரித்தால்?

நம் பக்கத்துக் கோயில் திருவிழாப் பந்தயத்தில் பெரிய மாட்டுக்குத் தனித் தூரம், சின்ன மாட்டுக்குத் தனித் தூரம். வண்டி அதிகம் வந்துவிட்டால் அதையும் இரண்டாகப் பிரித்து ஓட விடுவார்கள். எந்தச் சாரதிக்கும் இதில் குறை இருந்ததாக நான் கேட்டதில்லை. கார் பந்தயத்திலும் இப்படி உண்டு. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஹைப்பர்கார் வகையும் ஜிடி வகையும் ஒரே பாதையில் ஓடும், பரிசு தனித்தனி. அதோடு, ஒரே வகைக்குள் வேகமான காருக்கு எடையைக் கூட்டியோ சக்தியைக் குறைத்தோ சமன் செய்வார்கள்.

ஃபார்முலா 1-இல் எடை ஏற்றும் யோசனையை நான் எதிர்க்கிறேன். ஜெயித்தவன் முதுகில் கல் கட்டுவது என்று வந்துவிட்டால், யார் ஜெயித்தாலும் "கல் இல்லாததால் ஜெயித்தான்" என்ற பேச்சு வரும். சமன் செய்யும் பந்தயங்களில் உண்மையான வேகத்தை மறைத்து வைப்பதாக ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்படுவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் உங்கள் யோசனையின் சாரம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காற்றுச் சுரங்கத்தில் (காரைச் சுற்றிக் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்கும் கூடம்) சோதனை செய்ய முதலிடத்து அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம்தான் கிடைக்கும். ஒவ்வொரு இடம் கீழே இறங்க இறங்க 5 சதவீதம் கூடும், பத்தாவது அணிக்கு 115 சதவீதம். இதன் கூடவே 2021 முதல் செலவுக்கு உச்சவரம்பு. முதல் ஆண்டு அது 14.5 கோடி டாலர், ஓட்டுநர் சம்பளம் அதில் சேராது. 2023 தொடக்கத்தில் பின்வரிசையில் தவித்த மெக்லாரன் 2024இல் அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 1998க்குப் பிறகு அவர்களுக்கு அது முதல் தடவை. பந்தய நாளில் யார் காரிலும் கல் கட்டவில்லை. ஆபீசில் கட்டினார்கள், அதுவே போதுமாக இருந்தது.

ஓட்டை இல்லையா? இருக்கிறது. 2021இல் வரம்பை மீறிய ரெட் புல்லுக்கு 70 லட்சம் டாலர் அபராதமும் சோதனை நேரத்தில் 10 சதவீத வெட்டும் விழுந்தன. அந்தத் தண்டனையோடு 2023இல் 22 பந்தயத்தில் 21ஐ ஜெயித்தார்கள். தண்டனையை இன்னும் கூட்ட வேண்டும் என்று கேட்கும் ரசிகர்கள் பக்கம் நான் நிற்கிறேன்.

அதிகப் பந்தயம் ஜெயித்தவருக்கே பட்டம் என்று வைத்தால் இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் வேண்டாமே?

நெடுங்காலம் ஃபார்முலா 1-ஐ நடத்திய பெர்னி எக்லஸ்டோன் இதைத்தான் சொன்னார், ஒலிம்பிக் போலத் தங்கம், வெள்ளி, வெண்கலம். 2009 சீசன் தொடங்கும் முன் எஃப்ஐஏ 'அதிக வெற்றிக்கே பட்டம்' என்று அறிவித்தும் விட்டது. அணிகள் எதிர்த்ததால் முதல் பந்தயத்துக்கு முன்பே பின்வாங்கினார்கள்.

அந்த விதி இருந்திருந்தால் என்று பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு. 2008இல் ஹாமில்டன் 98 புள்ளி, மாஸா 97. வெற்றியில் மாஸா 6, ஹாமில்டன் 5. பட்டம் கைமாறும். 2025இல் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. வெற்றியில் வெர்ஸ்டாப்பன் 8, நாரிஸ் 7. மறுபடியும் கைமாறும். இதைச் சொல்லி வெர்ஸ்டாப்பன் ரசிகர்கள் என்னிடம் வருவார்கள். நான் சொல்வது, விதி வேறாக இருந்திருந்தால் நாரிஸும் வேறு மாதிரி ஓட்டியிருப்பார். ரெண்டாவது இடமே போதும் என்று விட்டுக்கொடுத்த வளைவுகளில் விட்டிருக்க மாட்டார். பழைய பந்தயத்தைப் புது விதியில் எண்ணுவது வேடிக்கைக்குச் சரி, ஆதாரத்துக்கு ஆகாது.

1988தான் இதில் எல்லாவற்றையும் விட விசித்திரம். 16 பந்தயத்தில் சிறந்த 11 முடிவுகள் மட்டும் கணக்கு. புரோஸ்ட் மொத்தமாக எடுத்தது 105 புள்ளி, சென்னா 94. கழித்துப் பார்த்தால் சென்னா 90, புரோஸ்ட் 87. பட்டம் சென்னாவுக்கு. சென்னா 8 பந்தயம் ஜெயித்திருந்தார், புரோஸ்ட் 7. ஆக, ரசிகர்கள் கேட்கும் "வெற்றிக்கு மதிப்பு" விதி ஒருவகையில் அப்போதே இருந்தது. அது எதிர்பார்த்த பலனையே கொடுத்தது என்றுதான் சொல்வேன். மோசமான நாட்களைத் தள்ளிவிடலாம் என்றால் துணிந்து முந்தலாம். ஆனால் வீட்டில் பார்க்கிற ஆளுக்கு யார் முன்னால் என்று கூட்டிக் கழிக்கவே ஒரு நோட்டு வேண்டும். 1991இல் எடுத்துவிட்டார்கள்.

2010 முதல் முதல் மூன்று இடத்துக்கு இருக்கும் 25-18-15 புள்ளி வரிசை எனக்குப் போதும். முதல் இரண்டு இடத்துக்கு நடுவே ஏழு புள்ளி இருக்கிறது. 2003 முதல் 2009 வரை 10-8 என்று இருந்தபோது இரண்டாவது இடத்தில் சொகுசாக உட்கார்ந்தார்கள். கடைசிப் பந்தயத்துக்கு இரட்டைப் புள்ளி என்று 2014இல் அபுதாபியில் செய்ததை மட்டும் யாரும் திரும்பக் கேட்பதில்லை. நல்லது.

வேகமான சுற்றுக்கு ஒரு புள்ளி கொடுத்தார்களே, அதை ஏன் எடுத்தார்கள்?

2019இல் வந்து 2024உடன் போனது. சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் 2024 பந்தயத்தை நேரில் பார்த்திருப்பார்கள். கடைசி இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ உள்ளே வந்து புது டயர் மாட்டி வேகமான சுற்றை எடுத்தார். முதல் பத்தில் இல்லாததால் அவருக்குப் புள்ளி கிடையாது. ஆனால் ஜெயித்த நாரிஸுக்குக் கிடைக்கவிருந்த புள்ளி போனது. ரிக்கார்டோ ஓட்டியது ரெட் புல்லின் தம்பி அணிக்கு, நாரிஸ் துரத்திக்கொண்டிருந்தது ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பனை. என் 'நாலு பந்தயம்' கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

"ஏன்டா அப்பு, முன்னால போறவனே கடைசி வரைக்கும் முன்னால போறான். இதுக்கா ரெண்டு மணி நேரம்?" (மொனாக்கோ பார்த்துவிட்டு என் அப்பத்தா கேட்டது)

அப்பத்தாவுக்கு விளக்க முடியவில்லை என்பதல்ல, அவர் சொன்னது உண்மை. 2024 மொனாக்கோவில் முதல் பத்துப் பேர் கிளம்பிய வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். ஃபார்முலா 1 வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. முதல் சுற்றிலேயே பெரிய விபத்து, சிவப்புக் கொடி, பந்தயம் நின்றது. நின்ற நேரத்தில் எல்லாரும் டயர் மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு யாருக்கும் உள்ளே வரவேண்டிய கட்டாயமே இல்லை. 3.3 கிலோமீட்டர்ப் பாதையில் மீதிச் சுற்றுகளை ஊர்வலமாக ஓட்டி முடித்தார்கள்.

அதற்கு மருந்தாக 2025இல் மொனாக்கோவுக்கு மட்டும் குறைந்தது இரண்டு பிட் ஸ்டாப் கட்டாயம் என்றார்கள். ரசிகர்கள் பல வருடமாகக் கேட்டதுதான். அணிகள் என்ன செய்தன? ரேசிங் புல்ஸ் அணியின் லாசன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்தவர்களை மறித்துக்கொண்டார். முன்னால் போன சக ஓட்டுநர் ஹஜாருக்கு இடைவெளி பெருகியது, இடத்தை இழக்காமல் உள்ளே போய் வந்தார். வில்லியம்ஸ் அணியும் அதையே செய்தது. பொறுமை இழந்த ரஸல், ஆல்பனைத் தாண்ட வளைவைக் குறுக்கே வெட்டிப் போனார், தண்டனை வந்தால் வரட்டும் என்றார், வந்தது. ஊர்வலம் இன்னும் மெதுவான ஊர்வலமானது.

மொனாக்கோவின் நோய் பாதை அகலத்திலும் கார் அகலத்திலும் இருக்கிறது. பிட் ஸ்டாப்பை எத்தனை கூட்டினாலும் ஏறக்குறைய ரெண்டு மீட்டர் அகலக் கார் அந்தத் தெருவில் இன்னொன்றைத் தாண்டாது. ராலிகிராஸ் என்ற கார் பந்தயத்தில் இருக்கும் 'ஜோக்கர் சுற்று', அதாவது ஆளுக்கு ஒரு தடவை நீளமான மாற்றுப் பாதையில் போய்வருவது, இங்கே வேலை செய்யும் என்று சிலர் வரைபடத்தோடு வருகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். மாற்றுப் பாதை போட மொனாக்கோவில் இடம் எங்கே என்பதுதான் பாக்கி. என்னைக் கேட்டால் சனிக்கிழமை தகுதிச் சுற்றைப் பாருங்கள், மொனாக்கோவில் அதுதான் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை பாருங்கள்.

எல்லாப் பந்தயத்திலும் இரண்டு முறை டயர் மாற்றியாக வேண்டும் என்று வைத்தால்?

2025 கத்தாரைப் பாருங்கள். டயர் பாதுகாப்புக்காக ஒரு செட் டயரில் அதிகபட்சம் 25 சுற்று என்று விதி. மொத்தம் 57 சுற்று. ஏழாவது சுற்றில் சேஃப்டி கார் (விபத்தின்போது எல்லாரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் கார்) வந்தது. மீதி ஐம்பது, சரியாக இரண்டு இருபத்தைந்து. மெக்லாரன் தவிர ஏறக்குறைய எல்லாரும் உள்ளே ஓடிவந்தார்கள். அப்புறம் எல்லாரும் மறுபடி உள்ளே வரவேண்டிய சுற்றும் ஒன்றே. மெக்லாரன் பந்தயத்தைத் தவறவிட்டது, வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். ஒரு அணியின் சறுக்கலால் அன்று சுவாரசியம் வந்தது. எல்லா அணியும் சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் எல்லாருக்கும் ஒரே திட்டம்தான். ஒரு தடவை நிற்பவனும் இரண்டு தடவை நிற்பவனும் கடைசிப் பத்துச் சுற்றில் சந்திப்பதுதானே நாம் பார்க்க விரும்புவது?

சிவப்புக் கொடி நேரத்தில் டயர் மாற்றக் கூடாது என்று வைத்தால்?

இதற்கு என் முழு ஓட்டு. எனக்குத் தெரிந்து ரசிகர்கள் கேட்கும் விதிகளில் இதற்குத்தான் ஓட்டை குறைவு.

2024 பிரேசிலில் மழை. நாரிஸும் ரஸலும் டயர் மாற்ற உள்ளே வந்தார்கள். வெர்ஸ்டாப்பன், ஓகான், காஸ்லி வெளியிலேயே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொலபின்டோ மோதிச் சிவப்புக் கொடி. உள்ளே வராதவர்களுக்கு நின்ற இடத்தில் இலவசமாகப் புது டயர். 17ஆவது இடத்திலிருந்து கிளம்பிய வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், அந்த மூவரும்தான் முதல் மூன்று இடம். வெர்ஸ்டாப்பன் அன்று ஓட்டிய ஓட்டு அபாரம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிட் ஸ்டாப்புக்காக நேரத்தைக் கொடுத்தவனும் கொடுக்காதவனும் ஒரே விலையில் டயர் வாங்குவது என்ன நியாயம்?

எதிர்வாதம் பாதுகாப்பு. உடைந்த கார்த் துண்டுகள் மேல் ஏறி வந்த டயரோடு மறுபடி 300 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்ல முடியாது. சரி. சேதமான டயரை அதே வகை, அதே அளவு ஓடிய டயரால் மட்டும் மாற்றலாம் என்று வைக்கலாம். அப்படி ஒரு செட் இல்லாதவர் வேறு டயர் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போகட்டும். அணிகள் "சேதம்" என்று பொய் சொல்லப் பார்க்கும், அதைச் சோதிக்க டயர் கம்பெனியின் ஆள் அங்கேயே நிற்கிறார்.

டயர் கம்பெனிகள் மோதிய காலம் நன்றாக இருந்ததே?

நமக்கு அதில் ஒரு தனிப் பாசம் இருக்கக் காரணம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன். 2005 அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவது இடம், ஐந்து புள்ளி. இந்திய ஓட்டுநர் ஒருவர் ஃபார்முலா 1-இல் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அவ்வளவுதான். ஆனால் அன்று ஓடியது ஆறே கார். மிஷ்லின் டயர்கள் இண்டியானபொலிஸின் சாய்ந்த வளைவைத் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் வார்ம்-அப் சுற்று முடிந்ததும் உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மட்டும் நின்றன. அந்த ஆண்டு பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் விதி அனுமதிக்கவில்லை. டயர்ப் போட்டி ஒன்று, டயர் மாற்றத் தடை ஒன்று, இரண்டும் சேர்ந்து செய்த வேலை. நரேன் ஜோர்டானில் இருந்தார், காரை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தார், அவர் புள்ளியை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

2007 முதல் ஒரே டயர் கம்பெனிதான். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஓட்டுநரின் சீசன் அவர் கையில் இல்லாத ரப்பர்க் கலவையில் போய்விடும்.

எரிபொருள் நிரப்புவதைத் திரும்பக் கொண்டுவரலாமா?

வேண்டாம். 1994இல் திரும்பக் கொண்டுவந்து, 2010இல் தடை செய்தார்கள். வந்த ஆண்டே ஹாக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் கார் பிட்டில் தீப்பிடித்தது (இன்றைய வெர்ஸ்டாப்பனின் அப்பா). 2008 சிங்கப்பூரில் மாஸா குழாயோடு கிளம்பிப் போனார், ஒரு புள்ளியில் போன பட்டம் அது. இப்போது நாலு டயரையும் ரெண்டு வினாடியில் மாற்றுகிறார்கள், மெக்லாரன் 2023 கத்தாரில் 1.80 வினாடியில் செய்தது. எரிபொருள் நிரப்பிய காலத்தில் முந்துவதற்குப் பாதையில் வளைவைத் தேடவில்லை, பிட்டில்தான் முந்தினார்கள்.

பழைய வி10 சத்தம் எப்போது திரும்பும்?

2005 வரை மூன்று லிட்டர் வி10 (பத்து சிலிண்டர் இன்ஜின்), நிமிடத்துக்கு 18,000 சுழற்சிக்கு மேல். மலேசியாவில் பெரியப்பா, சித்தப்பா வீடுகள் உள்ளவர்கள் செபாங்கில் கேட்டிருப்பார்கள். கேட்டவர்கள் மறப்பதில்லை. 2014இல் 1.6 லிட்டர் டர்போ ஹைப்ரிட் வந்தபின் சத்தம் இறங்கிவிட்டது. பெட்ரோலியம் அல்லாத மாற்று எரிபொருளோடு வி10ஐக் கொண்டுவரலாமா என்று எஃப்ஐஏ தலைவர் முகமது பின் சுலாயமே 2025இல் பேச்செடுத்தார். ஆனால் 2026 விதிகளில் சக்தியில் பாதிக்கு அருகில் மின்சாரம், மின் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏறியிருக்கிறது. அதை நம்பித்தான் ஆடி கார் கம்பெனி உள்ளே வந்தது. அவ்வளவு பணம் போட்டவர்கள் உடனே விட மாட்டார்கள்.

டிஆர்எஸ் போய்விட்டதே, இனி முந்துவது எப்படி?

2011 முதல் 2025 வரை இருந்த டிஆர்எஸ், ஒரு வினாடிக்குள் பின்தொடர்பவருக்கு மட்டும் பின்சிறகைத் திறக்கும் வசதி. நெடுஞ்சாலையில் பஸ்ஸைத் தாண்டுவது மாதிரி இருக்கிறது என்று திட்டினார்கள், அதில் நியாயம் உண்டு. 2026இல் நேர்ச்சாலையில் எல்லாரும் சிறகைத் திறக்கலாம், பின்தொடர்பவருக்குக் கூடுதல் மின்சக்தி. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, கார் 10 சென்டிமீட்டர் ஒல்லியானதும், குறைந்தபட்ச எடை 800 கிலோவிலிருந்து 768க்கு இறங்கியதும். 2008இல் 605 கிலோ இருந்தது. இன்னும் இறங்கட்டும்.

செயற்கை மழை?

எக்லஸ்டோன் 2011இல் பாதையில் தண்ணீர் தெளிக்கலாம் என்று நிஜமாகவே சொன்னார். ஊருணியில் தண்ணீர் எந்த மட்டம் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனிடம் இதைக் கேட்காதீர்கள்.

கானாடுகாத்தான் தெருக்கள் நேராக, அகலமாக இருக்கின்றனவே. இங்கே ஒரு தெருப் பந்தயம்?

இது கேலிக்கேள்வி என்று தெரியும், ஆனாலும் பதில் சொல்கிறேன். கட்டம் கட்டமான தெருவில் எல்லா வளைவும் 90 டிகிரி. பிரேக் போடு, திரும்பு, ஓட்டு, மறுபடி பிரேக். எஃப்ஐஏ எதிர்பார்க்கும் பாதை அகலம் 12 மீட்டர் வேறு. ஆத்தங்குடித் தளம் போட்ட முகப்புகள் பக்கம் 300 கிலோமீட்டர் வேகத்தில் யாரையும் விட வேண்டாம்.

பார்க்க ஆசையிருந்தால், கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருங்காட்டுக்கோட்டைப் பாதையும் இருக்கின்றன. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024இல் 3.5 கிலோமீட்டரில் இரவுப் பந்தயமே நடந்தது. ஃபார்முலா 1 இந்தியாவுக்கு வந்தது 2011 முதல் 2013 வரை, கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்டில், மூன்றையும் வெட்டல் ஜெயித்தார். கேளிக்கை வரித் தகராறில் போனது இன்னும் திரும்பவில்லை. அதை மாற்ற எஃப்1 கமிஷனில் ஓட்டு இல்லை, அது வேறு ஆபீஸ்.

இரவு ஒன்றரை மணிப் பந்தயங்களை நமக்காக நேரம் மாற்றச் சொல்லலாமா?

மயாமி ஒன்றரைக்கு, ஆஸ்டினும் நள்ளிரவு தாண்டித்தான். அமெரிக்க டிவிக்காக வைத்த நேரம், நமக்காக மாறாது. ஆனால் லாஸ் வேகஸ் இரவுப் பந்தயம் நமக்குக் காலை ஒன்பதரை, மெல்போர்னும் அப்படியே, சிங்கப்பூர் மாலை ஐந்தரை. ஒன்றரை மணிப் பந்தயத்துக்குக் குழுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: மறுநாள் மதியச் சாப்பாடு முடியும்வரை முடிவை யாரும் எழுதக் கூடாது. மீறுகிறவரை அடுத்த பந்தயம்வரை குழுவிலிருந்து நீக்கிவிடுவோம்.